ஒயர் இல்லாத கூம்பு

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக் கம்பத்தில் இருந்த கூம்பு ஸ்பீக்கருக்கு ஒயர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஒயரை எலி கடித்ததா இல்லை எலக்ட்ரீசியன் கழற்றிக்கொண்டு போனாரா என்பதில்தான் ஊர் இரண்டு கட்சியாக இருந்தது. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஈரோட்டு முதல் பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போன கையோடு, அந்தக் கூம்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரங்கம்மாள், வயது ஐம்பத்திரண்டு, வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று நாற்பது" என்று சொன்னபோது, ஒயரில்லாமல் எப்படிப் பேசுகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டீக்கடை மாரப்பன் மட்டும், ரங்கம்மாளின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த டம்ளரைப் பாதி வழியில் பிடுங்கிக்கொண்டான்.

"குடுடா டம்ளரை!"

"இருநூத்தி நாப்பதை வெச்சுக்கிட்டு இன்னொரு ஸ்பூன் போடச் சொன்னீங்களேக்கா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கடை டீ மேலயல்ல பழி வரும்?"

"அது பழைய ரத்தம்டா. இப்பத்த ரத்தம் வேற."

பேசுவது அதிசயமில்லை, யார் சொல்லிக் கொடுத்தது என்பதுதான் கேள்வி. ரங்கம்மாள் தன் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள், மருமகள் மாரப்பனைப் பார்த்தாள், மாரப்பன் கூரியர்காரனைப் பார்த்தான், அதற்குள் கூம்பு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

அந்தக் கம்பத்துக்கு நேர் கீழே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறவள் நான். தங்காயி ஸ்டாண்டு என்றால் தெரியும். படிப்பு டோக்கனில் நம்பர் எழுதுகிற அளவுக்குத்தான், ஆனால் வருகிற வண்டி யாருடையது என்று திரும்பிப் பார்க்காமல் செயின் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். என் ஸ்டாண்டுக்கு ஒரே சுவர் தள்ளி பூங்கோதையின் ரத்தப் பரிசோதனை நிலையம். முதல் நாள் கூம்பு வாசித்து முடித்ததும் பூங்கோதை வெளியே வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள் பாருங்கள், அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துபோயிற்று.

"அக்கா, அது வாசிக்கறது எங்க ரிப்போர்ட்டுங்க. வரிசை கூட மாறல."

விஷயம் ஊர் போட்டோ ஸ்டூடியோவில் இருந்து ஆரம்பித்தது. அந்த ஐப்பசியில் பட்டப்பகலில் ஸ்டூடியோ மேல் இடி இறங்கி, உள்ளே இருந்த கம்ப்யூட்டர் கத்தரிக்காய் சுட்ட மாதிரி ஆகிவிட்டது; ஊரில் வருஷக்கணக்காக நடந்த கல்யாணமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன; பெட்டி கருகியதும், போட்டோ இல்லாத கல்யாணத்தை நடந்த கல்யாணமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று சில வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தினுசாகப் பேச ஆரம்பித்தார்கள். பூங்கோதை பயந்துபோனாள். அவள் பெட்டியில் இருந்தது ஊர் ரத்தம். இடி அவள் கூரையிலும் விழலாம், வைரஸ் வந்து பூட்டிப் போடலாம், வெளியே எங்காவது ஒரு நகல் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அது நியாயம்தான். அவள் பெரியம்மா மகன் சபரி ஒரு கம்பெனியைக் கைகாட்டினான். நெட் வழியாக எல்லாவற்றையும் வாங்கி எங்கோ ஒரு குளிர் அறையில் வைத்துக்கொள்வார்களாம், கேட்டபோது திருப்பிக் கொடுப்பார்களாம், முழுக்க இலவசமாம். இலவசமாக எதற்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வியாழக்கிழமை அனுப்பி முடித்தாள். வெள்ளிக்கிழமை கூம்பு பேசிற்று.

ஊர் அதற்குப் பழகின வேகத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் கூம்பை இறக்கிப் பேரூராட்சிக் குடோனில் போட்டுப் பார்த்தார்கள், அது தகரக் கூரைக்குள் இருந்து வாசித்ததில் இன்னும் இரண்டு தெருவுக்குக் கூடுதலாகக் கேட்டது, ஆகவே திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். அப்புறம் ஊர் அதைச் சுற்றித் தன் வேலைகளை மாற்றி வைத்துக்கொண்டது. காலை வாசிப்பு முடியாமல் ஸ்வீட் கடை ஷட்டரைத் தூக்குவதில்லை, எந்தத் தெருவில் எத்தனை பேர் வாடிக்கை குறைவார்கள் என்று தெரிந்தபின்தான் ஜாங்கிரிக்கு மாவு அரைப்பார்கள். பிரஷர் ஏறின ஆட்களிடம் கடன் கேட்க யாரும் போவதில்லை. ரத்தம் கம்மி என்று வாசிக்கப்பட்ட பெண்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து முருங்கைக்கீரை வந்தது, கூடவே "மாமியா சோறு போடறாளா இல்லியா?" என்று ஒரு கேள்வியும் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு, "கூம்பு உங்க ஊட்டுக்கு என்ன சொல்லுச்சுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நல்ல ரத்தம் என்று கூம்பு சொல்லிவிட்டால் அந்த வீட்டார் தேங்காய் உடைத்தார்கள்.

மாட்டுத் தரகர் சென்னியப்பன் தினமும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு கம்பத்தடியில் வந்து நிற்பார். அவருடைய முறைக்காகத்தான்.

"என் ரத்தம் காளை ரத்தம். வாசிக்கட்டும், ஊரே கேக்கட்டும். பேத்திக்குத் தாராவரத்துல இருந்து எடம் வந்திருக்குது, அவங்க ஊட்டு ஆளு ஒருத்தரை நிக்க வெச்சே வாசிக்க வெக்கறேன்."

இப்படி ஆளுக்கு ஆள் சந்தோஷமும் சங்கடமுமாக ஊர் ஓடிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்கிற ஒரு பெண் காதைக் கூம்புப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள். வஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன், இன்னும் எதை எதை மாற்றியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். புருஷன் லாரியோடு போய், ஒரு நோயை வாங்கி வந்து, கொஞ்சத்தை அவளுக்கும் வைத்துவிட்டுச் செத்துப்போனான். அந்த நோயின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. அது சோற்றில் ஒட்டாது, தண்ணீரில் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, மாத்திரை போட்டுக்கொண்டு நூறு வயது வரை கூட இருக்கலாம் என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் பக்கத்து ஊர் ஒன்றில் இதே நோய் தெரிந்துபோய், இதே வேலை பார்த்த ஒருத்தியின் அடுப்பை எட்டி உதைத்துக் குழம்பைச் சாக்கடையில் கொட்டினார்கள். அவள் அப்புறம் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

வஞ்சி ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவின ஈரக் கையோடு பூங்கோதையிடம் வந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, என்னுது எப்ப வரும்?"

"பழசுல இருந்து புதுசுக்கு வருதுங்கக்கா. உங்களுது காய்ச்சல் வருசத்துது. இன்னும் கொஞ்ச நாள் இருக்குதுங்க."

"காய்ச்சல் வருசம்" என்று வஞ்சி திரும்பச் சொன்னாள். அந்த வருஷம் ஊரே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தது. அந்த வரிசையில் ஒரு சண்டையும் நடந்ததால், யாருக்கு முன்னால் யார், யாருக்குப் பின்னால் யார் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். "கொழந்தைக தட்டை நீட்டும்போது அந்தக் கூம்புச் சத்தம் கேட்டா, உப்புப் போட்டமா இல்லியான்னு மறந்து மறுக்காப் போட்டறேன் அம்மிணி. நேத்துக் கொழம்பைப் பசங்க துப்பிட்டாங்க. என்னைய எப்படியாச்சும் காப்பாத்து."

பூங்கோதை அந்த இலவசக் கம்பெனிக்குப் போன் போட்டாள். "அழித்துவிட்டோம் மேடம்" என்றார்கள். மறுநாள் காலை கூம்பு அதே மூக்கடைத்த குரலில், விட்ட இடத்தில் இருந்து வாசித்தது. மறுபடி போன் போட்டாள். "சுத்தமாக அழித்துவிட்டோம் மேடம்" என்றார்கள். மறுநாளும் கூம்பு வாசித்தது. அப்போதுதான் பூங்கோதைக்கு ஒன்று பிடிபட்டது: எந்தக் கம்பெனிக்காரன் என்ன சொன்னாலும் சரி, கூம்பு பொய் சொல்லாது. யாரால் திறந்து பார்க்க முடிகிறதோ, அவர்களிடம் இருப்பதை எல்லாம் கூம்பு வாசித்துவிடும்.

அவள் அடுத்ததாகப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு மாறினாள். மாத வாடகை, டை கட்டின ஆள், கண்ணாடி மாதிரி வழவழவென்ற காகிதத்தில் பூட்டுப் படம். மாற்றின மறுநாள் கூம்பில் இரண்டு குரல் வந்தது. பழைய மூக்கடைப்புக் குரல் ஒரு பக்கம், விமானத்தில் பேசுகிற மாதிரி ஒரு சீமாட்டிக் குரல் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து ஒரே ஆளின் கொழுப்பை வாசித்ததில், அந்த ஆளுக்கு இரண்டு மடங்கு கொழுப்பு என்று ஊர் எடுத்துக்கொண்டது. பூங்கோதை வக்கீல் நோட்டீஸ் அனுப்பினபின் மூக்கடைப்புக் குரல் நின்றது. அவர்கள் உண்மையாகவே அழித்ததற்கு அத்தாட்சி அது ஒன்றுதான். சீமாட்டிக் குரல் நிற்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'டக்' என்று ஒரு பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் மரியாதையாக வாசிக்கும்.

"பூட்டு இருக்குதுன்னு சொன்னீங்களே?" என்று டை கட்டினவரைக் கேட்டாள்.

"இருக்கே மேடம். ராணுவத்துல போடற பூட்டு."

"சாவி?"

"அது எங்ககிட்டப் பத்திரமா இருக்கு மேடம். நாளைக்கு நீங்க மறந்துட்டீங்கன்னா நாங்க திறந்து குடுக்கணும் இல்லியா?"

"நான் மறக்காதப்பவே தெறக்கறீங்களே" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு பூங்கோதை யாரையும் நம்பவில்லை. விற்க வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துக் காபி கொடுத்துப் பேச விடுவாள், சரி சோதனைக்கு ஒரே ஒரு ரிப்போர்ட்டு அனுப்பிப் பார்க்கிறேன் என்பாள். அந்த ரிப்போர்ட்டுக்கு ஆளே கிடையாது. ஆகாயராசன் என்று அவளே ஒரு பெயர் கட்டி, வயது நாற்பத்தொன்று என்று போட்டு, சர்க்கரை முந்நூறு என்று எழுதி அனுப்பினாள். மறுநாள் காலை புதுக் குரல் ஒன்று ஆகாயராசனை வாசித்தது. அந்தக் கம்பெனி கழிந்தது. அடுத்தவன் வந்தான், ஆகாயராசனுக்குச் சர்க்கரை நானூறு ஆயிற்று. அதற்கடுத்தவன் வந்தான், சிறுநீரகமும் கெட்டது.

இந்த விஷயம் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். ஊருக்குத் தெரியாதே. யாரந்த ஆகாயராசன் என்று ஊர் தேட ஆரம்பித்தது. மேற்குத் தெருவுக்குக் குடிவந்த ஆள் என்றார்கள். பழனி பஸ்ஸில் பார்த்தேன், முகமெல்லாம் வீங்கியிருந்தது என்று கண்டக்டர் சொன்னார். ரங்கம்மாள் தனக்கு அவன் தூரத்துச் சொந்தம் என்றும், சின்ன வயதிலேயே கண்டதைத் தின்பான் என்றும் சொல்லிவிட்டாள். ஆளாளுக்குப் பத்தியம் சொல்லி அனுப்பினார்கள், யாரிடம் சொல்லி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

கூம்பு காய்ச்சல் வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றில் இருந்து இன்பராஜ் வந்தான். கசங்கின சட்டை, வண்டியில் சாவியை விட்டுவிட்டு வந்துவிட்டான், நான் கூப்பிட்டுக் கொடுத்தேன். இவனா ஊர் ரத்தத்தைக் காப்பாற்றப் போகிறான் என்று எனக்கே இருந்தது.

"நீங்களும் உள்ள பாக்க மாட்டோம்னுதான் சொல்லப் போறீங்க" என்றாள் பூங்கோதை.

"பாக்க மாட்டோம்னு நான் சொல்லலீங்க. பாக்க முடியாதுங்கறேன். பூட்டறது உங்க கம்ப்யூட்டர்லயே நடந்துருது. பூட்டினதுதான் எங்ககிட்ட வரும். சாவியை நாங்க கண்ணுலயே பாத்ததில்லீங்க."

"நான் சாவியைத் தொலைச்சுட்டா?"

"போச்சுங்க."

"போச்சுன்னா?"

"அவ்வளவுதானுங்க. நீங்க எங்க ஆபீஸ் வாசல்ல வந்து அழுதீங்கன்னா, பக்கத்துல உக்காந்து நானும் அழுவேன். வேற ஒண்ணும் பண்ண முடியாது."

டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். தன் பெட்டியைத் தானே திறக்கத் தெரியாதவனிடம் போய்ப் பொருளை வைக்கிறாளே, இவளுக்குப் புத்தி இருக்கிறதா என்றார்கள். பூங்கோதை ஆகாயராசனை அவனிடம் அனுப்பினாள். மறுநாள் காலை அவளும் நானும் கம்பத்தடியில் நின்றோம். சீமாட்டிக் குரல் அதன் பாட்டுக்கு ஊர்க்காரர்களை வாசித்தது. ஆகாயராசன் வரவில்லை. அவன் இடத்தில், ஈரத் துணி பிழிகிற மாதிரியும் சோளம் பொரிகிற மாதிரியும் எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு பாஷையில் கொஞ்ச நேரம் ஏதோ கரைந்துவிட்டுப் போயிற்று. பூங்கோதை உள்ளே ஓடினாள். சாவியைப் போட்டு அவனைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள், சர்க்கரை, சிறுநீரகம், ஒரு புள்ளி குறையாமல் முழு ஆளாகத் திரும்பி வந்தான். அவள் சிரித்ததை அன்றுதான் ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்.

ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. ஆகாயராசன் செத்துவிட்டான் என்று முடிவு செய்து, மாரப்பன் கடையில் ஒரு மாலையைக் கூடத் தொங்கவிட்டார்கள். பூங்கோதை தப்பாக ஊசி குத்தித்தான் போய்விட்டான் என்று ஒரு பேச்சும் கிளம்பியது.

அவள் கதவில் ஒரு அட்டை மாட்டினாள்: எல்லோருடைய ரிப்போர்ட்டும் இனிமேல் பூட்டி வைக்கப்படும், ஆட்சேபணை இருந்தால் சொல்லவும். ஆட்சேபணை ஒரு பட்டாளமாக வந்தது. நல்ல ரத்தக்காரர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள், முன்னால் சென்னியப்பன் தரகர்.

"எனக்கென்னத்துக்கு அம்மிணி பூட்டு? மறைக்கறதுக்கு என்ன இருக்குது என்கிட்ட?"

"எம்பையனுக்குப் பொண்ணு பாக்கறேன், அவனுது வெளிய கேக்கோணும்" என்றாள் இன்னொருத்தி.

பூங்கோதை சளைத்துப் போய், வேண்டியவர்களுடையதை மட்டும் முதலில் பூட்டுவோம் என்று ஆரம்பித்தாள். எங்கள் ஊர் நெட் வேகத்துக்கு அதுவே இழுத்துக்கொண்டு போனது. வந்து காதில் சொல்லிவிட்டுப் போனவர்கள், அவளே பார்த்துப் பாவப்பட்டவர்கள், இவர்களை எல்லாம் புதுக் கம்பெனிக்கு மாற்றிச் சீமாட்டியிடம் இருந்து அழிக்க வைத்தாள். இதில் ராசப்பன் வாத்தியாரும் ஒருத்தர். அவருக்கு மூலம், ரிப்போர்ட்டில் காரணமாக அதையே எழுதியிருந்தது. சொல்ல வெட்கப்பட்டார், அவ்வளவுதான்.

கூம்பு காய்ச்சல் வரிசைக்குள் நுழைந்தது. இரும்புக்கடைக்காரர், அவர் சம்சாரம், போஸ்ட்மேன் என்று வாசித்துக்கொண்டே வந்து, போஸ்ட்மேனுக்குப் பின்னால் ஈரத் துணியைப் பிழிந்தது. கம்பத்தடியில் நின்ற அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பிற்று.

"போஸ்ட்மேனுக்குப் பின்னால வாத்தியாரல்ல நின்னாரு?"

"வாத்தியாருக்கு மட்டும் என்னத்துக்குப் பூட்டு?"

"நல்லதுன்னா பூட்டுவாங்களா?"

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் வாத்தியாருக்கு ஊரில் உள்ள அத்தனை பெருநோயும் வந்துவிட்டது. டியூசனுக்கு ஒரு பிள்ளை வரவில்லை. அவர் சம்சாரம் குடத்தை வைத்த குழாயில் யாரும் குடம் வைக்கவில்லை. கூம்பு வாசித்திருந்தால் இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள்.

வஞ்சி இதைப் பார்த்தாள். அவள் வரிசையில் வாத்தியாருக்குப் பின்னால், ஐந்தாறு காலை தள்ளித்தான். மறுநாள் அவள் பூங்கோதையிடம் வந்து அழக்கூட இல்லை, "என்னுதுக்குப் பூட்டு வேண்டாம் அம்மிணி, நான் ஊரை உட்டே போயிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். பூங்கோதை என் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். அன்று வியாழக்கிழமை, மாட்டுச் சந்தை. நான் ஸ்டாண்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சென்னியப்பன் தரகர் ஒரு நோஞ்சான் கன்றுக்கு வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் ஒரு துண்டைப் போட்டு இரண்டு பேர் கையையும் மூடிக்கொள்வார், துண்டுக்குள்ளேயே விரலைப் பிடித்துப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள், சுற்றிலும் நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். பூங்கோதை நேராகப் போய்த் துண்டை ஒரு இழுப்பு இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அட, என்ன அம்மிணி இது!"

"மாமா, இந்தக் கன்னுக்கு என்னத்துக்குத் துண்டு? பல்லும் இல்லை, சுழியும் சரியில்லை, எலும்பு எண்ணிப் பாக்கலாம். மறைக்கறதுக்கு என்ன இருக்குது இதுல? சும்மா வாயிலயே பேசுங்க."

தரகருக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றிலும் இருந்த வியாபாரிகள் முன்னால் ஒரு பொம்பளை துண்டைப் பிடுங்கிவிட்டாளே.

"தொழில் தெரியாமப் பேசாதே. நோஞ்சானுக்குத் துண்டு போடலை, காளைக்கு மட்டும் போட்டன்னு வெய்யி. அப்புறம் துண்டு உழுந்த எடத்தப் பாத்தே அது நல்ல காளைன்னு சந்தையே வெலைய ஏத்திருமே. எல்லாத்துக்கும் போட்டாத்தான் அது துண்டு. ஒண்ணுக்கு மட்டும் போட்டா அது தமுக்கு."

சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி, துண்டு கிடந்த அவள் தோளையே பார்த்தார். நோஞ்சான் கன்று அவர் வேட்டி நுனியைச் சவைக்க ஆரம்பித்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அப்புறம் அவளைக் கையைக் காட்டி ஓரமாகக் கூப்பிட்டார். அவள் தோளில் இருந்த துண்டை எடுத்து, தன் கையையும் அவள் கையையும் மூடினார். "யாருக்காக அம்மிணி?" என்று வாயால் கேட்டார். "துண்டுக்குள்ளயே சொல்லு. வாத்தியாருக்கா? அவருக்கு முன்னாலயா, பின்னாலயா? வெரலை மட்டும் காட்டு, என் பொணத்தோட போயிரும்." நாற்பது வருஷம் அந்தத் துண்டுக்குள் விரலைத் தடவித் தடவியே அடுத்தவன் மனசைக் கறந்தவர். துண்டு அசைந்தது, அசைந்தது, அப்புறம் நின்றது. பூங்கோதை கையை இறுக மூடி வைத்திருந்தாள், ஒரு விரலைக்கூட அவரால் பிரிக்க முடியவில்லை.

"சரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். "நீ தரகுக்கு வந்திருந்தா எனக்குச் சோறு கெடச்சிருக்காது."

மறுநாள் காலை கம்பத்தடியில், கூம்பு தொண்டையைச் செருமுவதற்கு முன்னால், அவர் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. என் ரத்தத்தப் பூட்டச் சொல்லிட்டேன்."

"ஏனுங் தரகரே, காளைக்கு என்ன நோவு?" என்று மாரப்பன் கேட்டான். ஒரே சிரிப்பு.

"இருக்குதோ இல்லியோ, துண்டுக்குள்ள கைய உட்டுத் தெரிஞ்சுக்க."

"அப்ப ஏதோ இருக்குது."

"இருக்குதுன்னே வெச்சுக்க. உனக்கும் இருக்குதுன்னு நான் வெச்சுக்கறேன். இனி வாத்தியாருக்கு அப்புறம் எல்லாருக்கும் ஈரத் துணிதான் புழியோணும். எவனுது மட்டும் தெளிவா வாசிக்குதோ, அவன் என் சந்தைக்குள்ள மாடு புடிச்சுக்கிட்டு வரப்படாது."

தாராபுரத்துக்காரர்கள் அன்றைக்கே வந்தார்கள். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டார்கள். நீங்களும் பூட்டிவிட்டு வாருங்கள், சமமாக உட்கார்ந்து பேசலாம் என்றார் தரகர். அந்த இடம் தவறிப்போயிற்று. மாப்பிள்ளை அவருக்கு ரொம்பப் பிடித்த மாப்பிள்ளை. அவர் பேத்தி கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை.

ஆனால் சந்தைக்கு மாடு ஓட்டாத வீடு எங்கள் ஊரில் எத்தனை இருக்கும்? ஒவ்வொருத்தராக, முனகிக்கொண்டு, திட்டிக்கொண்டு, ரங்கம்மாள் மாதிரி "என்னுதுதான் ஏற்கெனவே கேட்டாச்சே, இனி எதுக்கு?" என்று சண்டை போட்டுக்கொண்டு வந்து, பூட்டச் சொன்னார்கள். பூங்கோதை சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்து பூட்டிப் பூட்டி அனுப்பினாள். இன்பராஜ் தன் ஆபீசில் இருந்து பூட்டினதை நெட்டுக்குக் காத்திராமல் நேரே எடுத்துப்போக ஒரு பெரிய ஹார்டு டிஸ்க் டப்பாவைக் கொண்டுவந்து, வரிசையில் அடுத்து நிற்கிறவர்களை முதலில் ஏற்றிக்கொண்டு போனான். சீமாட்டிக் குரல் அவர்களை ஒவ்வொருத்தராக விட்டு, மெலிந்து, ஒரு காலை 'டக்' என்று திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், அப்புறம் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு கூம்பு தினமும் ஈரத் துணிதான் பிழிகிறது. யாருக்கு யார் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இது நீளமாகப் பொரிகிறது, இது பெரிய நோய் என்றான் ஒருத்தன். நீளமாகப் பொரிந்தது ஒரு கைக்குழந்தையின் சளி ரிப்போர்ட்டாக இருந்தாலும் இருக்கும். கடைசியில் அலுத்துப்போய் டீயைக் குடிக்கப் போனார்கள். வாத்தியாரிடம் ஒன்றிரண்டு பிள்ளைகள் டியூசனுக்குத் திரும்பின. வஞ்சியின் முறை எந்தக் காலையில் வந்து எந்தச் சத்தத்தில் போயிற்று என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

சாவி ஒன்று பாக்கி இருந்தது. சாவி என்றால் இரும்பு இல்லை, ஒரு வாசகம். பூங்கோதையின் மண்டைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாது, நாளைக்கே அவள் லாரியில் அடிபட்டால் ஊர் ரத்தம் மொத்தமும் போய்விடும், இன்னொரு ஆள் மனசிலும் இருக்க வேண்டும் என்று இன்பராஜ் கண்டித்துச் சொல்லியிருந்தான். யாரை நம்புவது? சபரி தன்னிடம் கொடு என்றான். பேங்க் மேனேஜர் லாக்கர் இருக்கிறது என்றார். பூங்கோதை யோசித்தாள். பயமில்லாத ஆளிடம் கொடுத்தால் என்றைக்காவது ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தாள். ஒரு மத்தியானம் பூங்கோதையும், பாத்திரம் கழுவின ஈரக் கையோடு ஒரு பெண்ணும் என் ஸ்டாண்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி உதடு மட்டும் அசையத் திரும்பச் சொன்னாள். என் காதுக்கு அது தப்பாது. ஆகவே நான் பம்பை எடுத்து, காற்று கெட்டியாக இருந்த ஒரு டயருக்கு, பேசி முடிக்கிற வரைக்கும் புஸ் புஸ்ஸென்று அடித்துக்கொண்டே இருந்தேன். டயர் வெடித்துப் போயிற்று. அந்த சைக்கிள்காரனுக்குப் புது டயர் மாட்டிக் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை.

சென்னியப்பன் தரகருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இன்னொரு ஆளிடம் சாவி இருக்கிறது, அது யார் என்று தெரியாமல் அவரால் சந்தையில் நிம்மதியாக ஒரு மாட்டுக்குப் பல் பார்க்க முடியவில்லை. பேங்க் மேனேஜரைச் சந்தேகப்பட்டார், கோவில் பூசாரியைச் சந்தேகப்பட்டார், இன்பராஜ் பொய் சொல்கிறானோ என்று கோயமுத்தூர் போய் அவன் ஆபீசையே பார்த்துவிட்டு வந்தார். எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, "தங்காயீ, நீதானே?" என்றார். "நானே டோக்கன் நம்பரை மறந்து திட்டு வாங்கறவ, என்கிட்ட எவ குடுப்பா?" என்றேன்.

போன வாரம் அவர் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனவர், மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றன. இவருக்கும் பசி, பேரன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு ஒரு தட்டை வாங்கிக்கொண்டார். வஞ்சி குழம்பு வாளியோடு குனிந்தபோது, அவர் குரலைத் தாழ்த்தி, "அம்மிணி, நாலு பொம்பளைக வந்து போற எடம் இது. அந்தச் சாவி யாருகிட்ட இருக்குதுன்னு உங் காதுல ஏதாச்சும் உழுந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கெங்கீங்க மாமா தெரியும்? நான் அடுப்படிய உட்டு வெளிய வர்றதே இல்லீங்களே" என்றாளாம் அவள். "இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா?"

இதைத் தரகரே என்னிடம் வந்து சொன்னார், அந்தப் பெண்ணுக்குக்கூடத் தெரியவில்லையாம் என்று. சொல்லிவிட்டு, குழம்பு என்னமோ ருசி தங்காயீ, நான் வேண்டாம்னு சொல்லவே இல்லை, தட்டை நீட்டிட்டேன் என்றார்.